நீங்கள் ஒரே வரிசையில் உட்காரவைத்த பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் மருந்தகத்தில் புதிய கார்பாலிக் சோப்பு ஒன்றைப் பிரித்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒரு தாய், "இன்னாம்மா, மயக்கமா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதை இனியும் தள்ள முடியவில்லை.

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நம் பக்கம் வந்த வருஷம் அது. வேலப்பன்சாவடியில் சாலையோரக் கிடங்கு ஒன்றை வாங்கி, ஊர்ப் பெரியவர்கள் சேவா நிலையம் திறந்தார்கள். முன்கூடத்தில் வாலிபர்களுக்கு வாசகசாலை. பின்கட்டில் பெண்களுக்குத் தையல் வகுப்பு, காலையில் பிள்ளைகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி. நீங்கள் பூந்தமல்லியில் ஒரு தையல்காரர் வீட்டு மருமகள். தலையை மூடித் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தினமும் நடந்தே வருவீர்கள். நான் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டோடு வந்து கிடந்தவள். தெருமுனையைத் தாண்டி நான் போக முடிந்த ஒரே இடம் அந்த நிலையம்தான்.

பிள்ளைகளின் பெயர் எழுதுவது என் வேலை. வீடு வீடாகப் போவது உங்கள் வேலை. கஞ்சி ஆறுகிறது, யாரும் வரவில்லையே என்று நான் சலித்துக்கொண்டால், "வராதவங்க ஊட்டுக்கு நாமதான் போவணும்" என்பீர்கள். அப்படிப் போய்த்தான் ஏரிக்கரைக் குடும்பங்களைக் கண்டீர்கள். ஆவடியில் பட்டாளத்துக்கு இடம் எடுத்தபோது குடிசை போய், அங்கே வந்து ஒண்டியிருந்த சேரி ஜனங்கள். மூன்று நாள் அவர்களோடு பேசிப் பதினோரு பிள்ளைகளை அழைத்து வந்தீர்கள்.

அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று நீங்கள் கேட்டது என்னிடம்தான்.

"தனியா வச்சா நாளிக்கு வராதுங்க. எல்லாத்தையும் ஒண்ணாவே குந்த வச்சிரலாமா? நீ இன்னா சொல்றே?"

"வச்சிரலாங்க்கா. பேச்சு வந்தா நான் சொல்லிக்கிறேன்."

எதிரே யாரும் நிற்காதபோது துணிச்சல் எளிதாக வந்துவிடுகிறது.

எல்லாப் பிள்ளைகளின் கைகளையும் நீங்களே கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரே பாயில் உட்காரவைத்து, ஒரே மாதிரித் தகரக் குவளையில் கஞ்சி ஊற்றினீர்கள். எட்டு நாள் அப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் கஞ்சி ஊற்றி முடித்ததும் பேச்சு வந்தது.

நிலையத்தின் தலைவர் எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. இன்னும் இரண்டு பெரியவர்களோடு முன்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நம் இருவரையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உங்களை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"உனுக்குத் தெரிஞ்சா இது நடந்துது?"

அப்பா கதவருகே நின்றிருந்தார். நாளை முதல் நீ வீட்டோடு இரு என்று அவர் சொல்லப்போவது முகத்திலேயே தெரிந்தது.

"எனுக்குத் தெரியாது பெரிப்பா. அக்காதான் குந்த வச்சாங்க" என்றேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

"ஆமாங்க, நான்தான் வச்சேன். அதுல எனுக்குத் தப்பு ஒண்ணும் தெரியல" என்றீர்கள். இனி வரவேண்டாம் என்றார்கள். தையல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டீர்கள்.

மறுநாள் ஏரிக்கரைப் பிள்ளைகளை வேலியோரம் உட்காரவைத்து, கொட்டாங்கச்சியில் கஞ்சி ஊற்றச் சொன்னார்கள். ஊற்றியவள் நான். முன்பல் விழுந்த ஒரு சிறுமி உள்ளே இருந்த பாயைக் காட்டி, "நேத்து அங்கதானே குந்திகினு இருந்தோம்?" என்று கேட்டாள். நான் அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தேன். அவள் கொட்டாங்கச்சியைத் தொடவேயில்லை. அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க நானும் போகவில்லை.

ஒருமுறை பூந்தமல்லிக் கடைத்தெருவில் நீங்கள் எதிரே வந்தீர்கள். நான் வளையல் கடைக்குள் நுழைந்து, கைம்பெண்ணான எனக்கு ஆகாத வளையல்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் கடந்து போனபின்தான் வெளியே வந்தேன். அப்புறம் உங்களைப் பார்க்கவே இல்லை.

நீங்கள் இறந்த செய்தி கேட்ட வாரம் ஏரிக்கரைக்குப் போனேன். அந்தச் சிறுமியின் தாய் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அன்று பொய் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேல போன அன்னிக்கு சாங்காலமே அந்தம்மா இங்க வந்துச்சி. நான் வரலன்னு புள்ளைங்கள நிறுத்திடாதீங்க, அங்க இன்னொரு பொண்ணு கீது, அது உங்கள வுட்டுக்குடுக்காதுன்னு சொல்லிச்சி. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மறுநாளு அனுப்பினோம்."

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம் அக்கா. திட்டியிருந்தால் இந்நேரம் அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பேன். நான் பொய் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, அதே சாயங்காலம் என்னை நம்பச் சொன்னீர்கள். அந்தச் சொல்லை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.