முதுகில் என் பெயர்

மகளுக்கு,

அம்மா சொல்லி எழுதவில்லை. நானாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுத்து ஆடியவர்களில் ஆகப் பெரியவர் லாரன்ஸ் டெய்லர்தான். தைப்பொங்கலன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்த பிறகுதான் எதிரணி ஆட்டத்தையே தொடங்கும். நீ ரெஜி வைட் என்றாய். நூற்றிருபது கிலோ மனிதரை ஒரு கையால் தள்ளிவிட்டுப் போவார், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டாவதுதான்.

அதற்கு நீ, "அப்பா, நீங்கள் ஒரு நாளும் விளையாடேல்லை. டிவி பாத்துப் படிச்சதுதானே" என்றாய். நான், "பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு வேண்டாம்" என்றேன். அன்று டார்ம்ஸ்டாட்டில் உன் அறைக்குத் திரும்பியவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

சனிக்கிழமை உன் ஆட்டத்துக்கு வந்திருந்தேன். குடையோடு வேலியோரம் நின்றேன். உன் மார்பில் வைட்டின் இலக்கம், தொண்ணூற்றிரண்டு. பிடிவாதக்காரி. கடைசியில் வெளிப்பக்கமாக வளைந்தோடிப் போய்ப் பந்தெறிபவளை விழுத்தினாயே, அது டெய்லரின் ஓட்டம். வைட்டுடையதல்ல.

உடனே சனம் எழும்பி "முருகேசு! முருகேசு!" என்று கத்தியது. யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து நடந்தபோதுதான் உன் முதுகில் என் பெயரைக் கண்டேன். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை உன் பெயருக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தவன் நான்தான்; இங்கே அதுவே உன் குடும்பப் பெயராகிவிட்டது. இதுவரை இந்த ஜெர்மனியில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது டொக்டரிடம் காத்திருக்கும்போது மட்டும்தான்.

வேலியோரம் நின்றால் சரியாகத் தெரியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன்வரிசையில் எனக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்து வை. டெய்லரைப் பற்றி மிச்சத்தை அங்கே பேசுவோம்.

கருத்து மாறாத,
அப்பா