தோளில் கிடக்கும் கை

இன்று மதியம் செந்துறை ரோட்டில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. தூறல் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடி மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஒண்டியாளாகத் திண்டாடினார். இறங்கிப் போய் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் விரித்தது பழைய ஃப்ளெக்ஸ். காற்றில் புடைத்து எழும்பிச் சோளத்தின் மேல் படிந்தபோதுதான் பார்த்தேன். நீ.

போன வருஷத்துக் கண்ணீர் அஞ்சலி. வெயிலில் வெளுத்து, உன் நீலச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. கீழே உன் அம்மா பெயர் மட்டும் இருக்கிறது. உன் இடது தோளில் ஒரு கை கிடக்கிறது. மணிக்கட்டோடு நின்றுபோன கை. அந்தக் கைக்குரிய ஆள் படத்தில் இல்லை.

பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச பையனா தம்பி?" என்றார். கூட்டாளி என்றேன். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன பதில். காற்றில் அறுந்து அவர் வயலில் வந்து விழுந்ததாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் மழை விட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம், சோளம் நனைந்துவிடும் என்றேன். உயிரோடு இருந்தவரை வயலில் கால் வைக்காதவன் நீ. இப்போது சோளத்துக்குக் காவல் கிடக்கிறாய். இதைச் சொன்னால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மழை விடும்வரை வண்டிக்குள் உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அனுப்ப உன் நம்பர் இல்லை. அது இப்போது வேறு யாரிடமோ போய்விட்டது.

நம் செட்டில் நான் சேர்ந்ததே உன் பின்னால்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய காலம். சுண்ணாம்புக்கல் லாரிகளில் யாருடையது ஓட வேண்டும், யாருடையது நிற்க வேண்டும் என்று செல்வம் அண்ணன் தீர்மானித்துக்கொண்டிருந்தார். அதற்கு அவருக்குப் பின்னால் நிற்க ஆட்கள் வேண்டும். நாம் நின்றோம். சில நாள் வெறுமனே நின்றோம், சில நாள் அடித்தோம். சீட்டுக்கு அடியில் அரிவாள் இல்லாமல் வண்டி எடுத்ததில்லை. நாம் நல்ல பிள்ளைகளாக இருந்தோம் என்று எழுதினால் அது பொய். டீக்கடையில் நம்மைக் கண்டதும் பெஞ்சை விட்டு எழுந்துகொள்வார்களே, அது நமக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நான் அங்கே தங்கிப்போனது அதற்காக இல்லை. ஆம்பளைகள் மட்டும் இருக்கிற கூட்டம் அது. ஒரே பைக்கில் ஒட்டிக்கொண்டு போகலாம். ஒரே தட்டில் சாப்பிடலாம், உன் சட்டையை நான் போட்டுக்கொள்ளலாம், ஒரே பாயில் படுக்கலாம். பஸ் ஸ்டாண்டில் உன் தோளில் கை போட்டு நடந்தால், உசுருக்கு உசுரான கூட்டாளிங்க என்று பெருமையாகச் சொல்வார்கள். யார் கண்ணுக்கும் எதுவும் உறுத்தியதில்லை. "கூட்டத்துக்குள்ள நின்னாத்தான் மாப்ள தனியாத் தெரிய மாட்டோம்" என்பாய். எனக்கு அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அதே கூட்டம் என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். ஒரு டெய்லரை அடித்து ஊரை விட்டு ஓடவைத்த கதையைச் செல்வம் அண்ணன் குடித்தால் தவறாமல் சொல்வார். அந்த ஆள் இன்னொரு ஆணுக்கு அனுப்பிய மெசேஜ் யார் கையிலோ சிக்கிவிட்டது, அவ்வளவுதான். மெஷினில் தைத்த விரல்களை என்ன செய்தார்கள் என்று அவர் நடித்துக் காட்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நாமும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் உன் கால் பெஞ்சுக்கு அடியில் என் காலைத் தேடி வரும். அந்த மனிதருக்கு வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுத மாட்டேன்.

உண்மையிலேயே நாம் தனியாக இருந்தது அந்தக் கைவிட்ட குவாரியில்தான். உச்சி வெயிலில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் வருவதில்லை. பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். நீ கால் நனைய உட்கார்ந்து கல்லுக்குள் பதிந்த கிளிஞ்சல்களைச் சுரண்டிக்கொண்டிருப்பாய். அங்கே உன் குரலே வேறு. கெட்ட வார்த்தை வராது, அதட்டல் இருக்காது. ஒருநாள் நிமிராமலே கேட்டாய்: "திருப்பூர் பக்கம் போயிட்டா என்னடா? பனியன் கம்பெனில எப்பவும் ஆளு எடுக்குறான். ஒரு ரூமு, ஒரு ஸ்டவ்வு. வேற என்னா வேணும் நமக்கு?"

வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஸ்டவ்வை எந்த மூலையில் வைப்பது என்பதுவரை நான் யோசித்து வைத்திருந்தேன்.

அப்புறம் உன் பிறந்தநாள் வந்தது. நம் செட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பைபாஸ் ஓரம் பைக்கை வரிசையாக நிறுத்தி, சீட்டில் கேக்கை வைத்து அரிவாளால் வெட்ட வேண்டும். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். அதற்காகவே எத்தனை பேர் போலீஸில் மாட்டிக் கையில் மாவுக்கட்டோடு திரும்பினாலும் அந்தப் புத்தி மட்டும் மாறாது. அன்றைக்கு நீயும் வெட்டினாய். வழக்கப்படி முதல் துண்டை எனக்கு ஊட்டினாய். எல்லோரும் என் முகத்தில் கிரீமை அப்பிவிட்டு நகர்ந்தார்கள். நீ மட்டும் நின்று, என் உதட்டோரம் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தாய். துடைத்த பிறகும் விரலை எடுக்க மறந்தாய்.

அது வீடியோவில் இருந்தது. செல்வம் அண்ணன் அந்த இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். மறுநாள் எல்லோருக்கும் நடுவில், "என்னடா, பொண்டாட்டிக்கு ஊட்டுற மாதிரில்ல ஊட்டுற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அவர் சிரிக்கவே இல்லை. ஸ்டேட்டஸை அழிக்கச் சொல்லி ஆளாளுக்குப் பதறினார்கள். அவர்களுக்கெல்லாம் போலீஸ் அரிவாளைப் பார்த்துவிடுமோ என்று பயம். உனக்கும் எனக்கும் அந்தக் கட்டைவிரலை நினைத்துத்தான் பயம்.

அன்றிலிருந்து நீ வேறு ஆளானாய். வேறு யாரையோ பைக்கில் ஏற்றினாய். பெண் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் செல்வம் அண்ணன் காதில் விழும்படி பேசினாய். எந்தத் தகராறு என்றாலும் முதல் ஆளாக இறங்கினாய். வண்டியில் கீறல் விழுந்தது என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தாய். பைக்கைத் தொட்டே ஒரு வாரம் ஆகியிருந்த எனக்கு அந்த அறை எதற்கென்று புரிந்தது. புரிந்தும் வலித்தது. என்னைக் காப்பாற்றத்தான் அடிக்கிறாய் என்று தெரிந்தாலும் உன் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போதுகூட அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

கடைசி நாள் காலையில் லாரித் தகராறு முற்றிவிட்டது, எதிர் செட்டு வருகிறது என்று தகவல். நீ எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, ஜெயங்கொண்டம் போய் வண்டிக்குக் கிளட்ச் கேபிள் வாங்கி வரச் சொன்னாய். இவனுக்குக் கையி காலு உதறும், இவன் வேணாம் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன். பின்னால் வந்து சீட்டைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாப்ட்டுட்டே வா. அவசரமில்ல" என்றாய். எதற்குமே பொறுக்காத ஆள் நீ. டீ ஆறுகிறவரைகூட உன்னால் காத்திருக்க முடியாது. அந்த வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கேபிளை வாங்கி, பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

எல்லோருக்கும் முன்னால் நீ போனாயாம். பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டதுகூடத் தெரியாமல் போனாயாம். செல்வம் அண்ணன் அதை வீரம் என்றார். போஸ்டரில்கூட அப்படித்தான் போட்டார்கள். யாருக்கு எதை நிரூபிக்க நீ அப்படி முன்னால் போனாய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் சாவில் நான் எதையும் மறைக்கவில்லை. ரோட்டில் விழுந்து புரண்டேன். உன் காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றேன். பாடையோடு சேர்த்து என்னையும் கட்டச் சொன்னேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டாளின்னா இப்படி இருக்கணும் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். உன்னை எவ்வளவு நேசித்தேன் என்று நான் பகலில், ஊர் நடுவில் கத்திச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். நீதான் கேட்கவில்லை.

காரியத்தன்று செட்டு முழுக்க உன் வீட்டு வாசலில் வந்து நின்றது. செல்வம் அண்ணன் ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்ததை என் முன்னால் வைத்தார். நீ கேக் வெட்டிய அதே அரிவாள். "ஒனக்குத்தான் அவன் நெருக்கம். மொத வெட்டு ஒன்னுது" என்றார். செத்தவனுக்கு யார் நெருக்கமோ அவன்தான் பழிக்குப் பழி வாங்க முதலில் இறங்க வேண்டும் என்பது நம் வழக்கம். இறங்கினால் நானும் உன் வழியே போக வேண்டியதுதான். மாட்டேன் என்றாலோ, அப்புறம் அப்படி உருண்டு புரண்டு அழுதாயே, எதற்கு என்று கேட்பார். அந்த வீடியோ அவர் போனில் இன்னும் இருந்தது.

உள்ளேயிருந்து உன் அம்மா வந்தார். அரிவாளைப் பார்த்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செல்வம் அண்ணனிடம் சொன்னார்: "எனக்குக் கொள்ளி போட இருந்தவன நீ கூட்டிட்டுப் போயிட்ட. இவனையாச்சும் எனக்கு வுட்டுட்டுப் போ."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கொள்ளி போட ஆள் கேட்கும்போது எந்த ரவுடியால் முடியாது என்று சொல்ல முடியும்? துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் அவர்கள் பாடு அவர்களோடு. சிலர் ஜெயிலில் இருக்கிறார்கள், சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். முதல் வருஷம் பெரிதாக வைத்த ஃப்ளெக்ஸ் மறுவருஷம் வரவில்லை. நான் லோடு வண்டி ஓட்டுகிறேன். வாரம் தவறாமல் உன் வீட்டுக்குப் போகிறேன். நானும் உன் அம்மாவும் உன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது குறைவு. அவர் சோறு போடுவார், நான் சாப்பிடுவேன்.

போன வருஷம் அவரே, என் பிள்ளைக்கு நான் வைக்கிறேன் என்று சொல்லி என்னை ஃப்ளெக்ஸ் கடைக்குக் கூட்டிப் போனார். நீ சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. பக்கத்தில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்த பையன் என்னை லாகவமாக வெட்டி எடுத்தான். கை மட்டும் மிஞ்சியது. அதையும் அழித்துத் தோளைச் சரிபண்ணிவிடலாம், தெரியவே தெரியாது என்றான். இத்தனை காலப் பழக்கம், யோசிக்காமலே வாய் முந்திக்கொண்டது. எடுத்துடுப்பா என்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஏதோ நினைவாக உட்கார்ந்திருந்த உன் அம்மா நிமிர்ந்தார். "அது கெடக்கட்டும் தம்பி" என்றார் அந்தப் பையனிடம். "அவன் தோளு மேல அந்தக் கையி இல்லாம நான் என்னிக்குப் பாத்தேன்?"

சொல்லிவிட்டு அவர் பார்த்தது திரையை இல்லை, என்னை. நான் தலை குனிந்துகொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஊர் வரும்வரை என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

தூறல் நின்றுவிட்டது. பெரியவர் ஃப்ளெக்ஸை உதறி மடிக்கிறார். வண்டியை எடுக்க வேண்டும், போகிற வழியில் உன் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும். கொள்ளி போடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன், போடுவேன். அதற்கு ஒன்றும் அவசரமில்லை. அவர் இன்னும் நெடுநாள் இருக்கட்டும். என் கை எங்கே இருக்க வேண்டியது என்று தெரிந்தவர் இந்த ஊரில் இப்போது அவர் ஒருவர்தான்.