பெட்டிக்கு வைத்த பொட்டு

11-10-94, செவ்வாய், காலை 9.20. மில்லிக்கு 412.

நான் செய்த பெட்டி சொன்ன கணக்கு. அஸ்தினாபுரம் ஏரித் தண்ணீரைப் புனலில் ஊற்றினால் கண்ணாடிச் சந்து வழியே ஓடும், கேமரா பார்க்கும், கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை எண்ணும். எண்ணிக்கை எகிறினால் தண்ணீர் கெடுகிறது என்று அர்த்தம். பக்கத்து மேஜை சாமுண்டீஸ்வரி, எம்.எஸ்ஸி. பாட்டனி, மைக்ராஸ்கோப்பில் எண்ணியது 405. அவருக்கு அரை நாள். பெட்டிக்கு நான்கு நிமிடம்.

"இனிமே உங்களுக்கு வேலை இருக்காது" என்றேன். உண்மைதானே? முறைத்தார்.

ஆய்வகத் தலைவர் தோத்தாத்ரி சார் கெடு வைத்துவிட்டார். "தீபாவளி வரைக்கும் ரெண்டு கணக்கும் ஒத்துப் போகணும். போனா ஏரிக்கரைல வைப்போம். இல்லேன்னா பரண்தான்."

12-10-94

மதியமே ஆயுத பூஜை. சுண்டல், பொரி. ஒரு வேலையும் ஓடவில்லை.

15-10-94, சனி

லீவு முடிந்து புதுத் தண்ணீர் ஊற்றினேன். 6,180.

ஏரி கெட்டுவிட்டது. சாமுண்டீஸ்வரி வரும்வரை யார் காத்திருப்பது? தாம்பரம் ஆய்வகத்திலிருந்து சைக்கிளை மிதித்துப் போய், ஏரியில் பம்மலுக்குத் தண்ணீர் எடுக்கும் லாரியை மறித்தேன்.

டிரைவர் அந்தோணிசாமி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், தண்ணி நல்லாத்தானே கீது?"

"கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சொல்லுது."

"பம்மல்ல ஜனம் கொடத்த வெச்சிகினு நிக்குது. கம்ப்யூட்டர வந்து சொல்லச் சொல்லு."

மாலை —

சாமுண்டீஸ்வரி அதே தண்ணீரைப் பார்த்தார். உயிர் 398. மற்றதெல்லாம் சிவப்புத் துகள். குங்குமம்.

யார் வைத்தது?

"நான்தான், ஆயுத பூஜை அன்னிக்கு" என்றார் சாமுண்டீஸ்வரி. "டைப்ரைட்டருக்குக்கூட வெச்சோம், இதுக்கு வெக்காம விடறதா?"

அதற்காகப் புனலின் வாயிலா?

"அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன்."

கேமராவுக்குத் தெரிவது கறுப்பு வெள்ளை மட்டும். குங்குமமும் அதற்கு உயிர்தான். சே. ஒரு தடவை அவரைக் கேட்டிருந்தால்?

மறுபடி மிதித்துப் போய் லாரியை விட்டேன். "பொட்டு வெச்சதுக்கா நிறுத்துன?" என்றார் அந்தோணிசாமி. "எங்க ஓனரு லாரிக்கே வெச்சுகிறாரு, ஓடலையா?" கிளீனர்வரை சிரித்தார்கள். நானும்தான், கடைசியில்.

17-10-94

தோத்தாத்ரி சார் பரண் ஏணியையே கொண்டுவரச் சொல்லிவிட்டார். சாமுண்டீஸ்வரிதான் குறுக்கே வந்தார்.

"அது பொய் சொல்லலை சார். துகள் இருந்துது, எண்ணுச்சு. பேர் சொல்லத் தெரியலை, அவ்ளோதான். தினம் அது எண்ணட்டும். எகிறினா நான் பாத்துச் சொல்றேன். எனக்கும் கழுத்து வலி மிச்சம்."

சார் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தீபாவளி வரைக்கும் பாப்போம்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். "கலர் கேமரா வாங்கணும்" என்றுதான் வாயில் வந்தது.

2-11-94, புதன்

கணக்குகள் ஒத்துப்போயின. பெட்டியை நேற்றே ஏரிக்கரையில் இறக்கியாயிற்று. இனி:

1. புனலுக்கு மூடி. பொட்டுக்குத் தனியாக ஒரு தகடு.
2. எண்ணிக்கை எகிறினால் முதலில் சாமுண்டீஸ்வரி. அப்புறம்தான் லாரி.
3. அடுத்த வாரம் முதல் அவர் மேஜையில் உட்கார்ந்து உயிரிகளின் பெயர்களைக் கற்பது. திட்டினால் வாங்கிக்கொள்வது.