மார்பளவுச் சுவர்

வரைபடத்தின் அம்மோனியா பிரிண்ட் சுருளைப் பிரித்ததும் மூக்கில் ஏறிய நெடி உன்னைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்துவிட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், வேலை முடிந்து பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால், "தள்ளிக் குந்துடா மச்சான், மூத்திர நாத்தம் அடிக்குது" என்பாய். அது மூத்திரம் இல்லை, பிரிண்ட் எடுக்கிற அம்மோனியா என்று எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு ஏறாது. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பாய்.

இந்தச் சுருள் போன வாரம் வந்தது. நம் மாதா கோயிலுக்கு ஜூபிலி வருகிறதாம், கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். பரிசீலனைக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். முகப்பேர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். நடுக்கூடத்துக்கும் தெற்குச் சிறகுக்கும் இடையே ஒரு புள்ளிக்கோடு ஓடியது. பக்கத்தில் அச்சு மாதிரி எழுத்தில், "பழைய சுவர், மூல வடிவில் மீண்டும் எழுப்புக" என்று இருந்தது. கையில் இருந்த கண்ணாடி டம்ளரை எதிர்ச் சுவரில் வீசி அடித்தேன். என் மனைவி வந்து பார்த்தாள், படத்தையும் பார்த்தாள், துடைப்பம் எடுக்கப் போனாள்.

அந்தச் சுவரைப் பற்றி, தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல் உனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கே நம்ப முடிகிறது. பூந்தமல்லிக்கு அப்பால் நம் சின்ன ஊர். பீடத்துக்கு நேரே நடுக்கூடம், அங்கே நிலம் வைத்திருந்த குடும்பங்கள். தெற்கே ஒரு சிறகு, அங்கே அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்த நம் சனம். இரண்டுக்கும் நடுவில் செங்கல் வளைவுகள், வளைவுகளுக்குக் கீழே ஆள் மார்பளவுக்கு ஒரு சுவர். தரையில் உட்கார்ந்தால் பீடம் தெரியாது. நாம் வயலை விட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, அங்கேதான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நம்மில் ஒருவன் நடுக்கூடத்தில் போய் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடும்.

பூசையில் மணி தானாகவே அடிக்கிறது என்று நீ பத்து வயது வரை நினைத்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அடிக்கிற பையனை நீ பார்த்ததே இல்லை. சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது நடுக்கூடத்தில் எல்லாரும் முழங்கால் போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நம் சனம் முழங்கால் போடும். எப்போதும் ஒரு மூச்சு பிந்தி.

எண்பதுகளின் நடுவில் கூரை ஒழுக ஆரம்பித்தது. புதுப்பிக்க மூன்று திட்டங்கள் வந்தன, அவற்றைப் பார்த்து முடிவு செய்ய ஐந்து பேர். பங்குச் சாமியார், அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார், ரைஸ்மில் முதலாளி, படம் படிக்கத் தெரியும் என்பதால் நான். ஐந்தாவதாக உன்னைச் சேர்க்க அவர்களுக்கு மனசில்லை. நம் தெரு ஆட்கள் சாமியார் வீட்டு வாசலில் நின்று நகர மறுத்ததால் சேர்த்தார்கள்.

முதல் திட்டம் மொத்தத்தையும் இடித்துவிட்டு கான்கிரீட் போடுவது. இரண்டாவது ஓடு மட்டும் மாற்றுவது. மூன்றாவது, பட்டணத்து ஆர்க்கிடெக்ட் ஒருவர் போட்டது. தேக்கு உத்தரம், சுண்ணாம்புப் பூச்சு, வளைவுகள் எல்லாம் இருந்தபடியே இருக்கும். நான் அந்தப் படத்தில் மயங்கித்தான் போனேன். அந்த வளைவுகள் மேல் எனக்கு ஆசை, அதை உன்னிடம் நான் மறைத்ததில்லை. நீ லேத் மெஷினில் வேலை செய்து கருத்துப்போன விரலைப் படத்தின் மேல் வைத்தாய்.

"மச்சான், இந்தக் கோடு இன்னா?"

"செவுரு."

"எந்தச் செவுரு?"

"நம்ம செவுருதான்."

"பக்கத்துல இன்னாமோ எழுதிக்கீது?"

"அப்படியே பாதுகாக்கவும்னு எழுதியிருக்கு."

ரைஸ்மில் முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பழசுப்பா அது. நம்ம பாட்டன் பூட்டன் கட்னது. அதுல கை வெச்சா கோயிலோட களையே போய்டும்" என்றார்.

"உங்க பாட்டன் கட்டல மொதலாளி. எங்க பாட்டன்தான் கட்னாரு. கட்டிட்டு அந்தாண்ட போய்க் குந்திக்கினாரு."

சாமியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் நானும் எதிர்த்தும், மூன்றுக்கு இரண்டு என்று மூன்றாம் திட்டம் தேறியது. முதலாளி எழுந்து உன் தோளைத் தட்டி, "கோவப்படாதடா, போய் வேலையப் பாரு" என்றார். அந்த 'டா'தான் உனக்குப் பொறுக்கவில்லை. மேசையைப் புரட்டிவிட்டு நெற்றியாலேயே அவர் மூக்கில் இடித்தாய். வெற்றிலைச் சாறா ரத்தமா என்று தெரியாமல் வேட்டி முழுக்கச் சிவந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

அடுத்த நாள் பஸ்ஸில், நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாய். நீ குரலைத் தாழ்த்துவதே அபூர்வம். "எங்க அடிச்சா வளைவு வுழாது?"

சுவர் இரண்டு பக்கமும் தூண்களோடு கோத்துக் கட்டப்பட்டது. தூணை ஒட்டி அடித்தால் வளைவு சனங்கள் தலையில் இறங்கும். அந்த ஞாயிறு பூசைக்கு முன்னால் போய், தூண்களிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ரிப்பேருக்கு அளவெடுக்கிறேன் என்று உபதேசியார் நினைத்தார்.

பூசை முடிந்ததும் சாக்குக்குள்ளிருந்து சம்மட்டியை எடுத்தாய். இரண்டாவது அடியில் முதல் கல் பெயர்ந்தது. மூன்றாவது அடிக்குள் மில் ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு வந்துவிட்டார்கள். முதலாளியின் மூக்குக்காக முன்பே வெளியில் காத்திருந்திருக்கிறார்கள். உன் முதுகில் விழுந்தது, முட்டியில் விழுந்தது. தலையில் விழுந்தபோது தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. கண்ணில் ரத்தம் வழிந்தது. நீ சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, குனிந்து என் கோடு எங்கே என்று பார்த்தாய், பார்த்துவிட்டு அதன் மேல் அடித்தாய். மறுபடியும் துடைத்தாய், பார்த்தாய், அடித்தாய். உயிர் போகிற அந்த வலியிலும் எனக்குப் பிடித்த வளைவு மேல் உன் சம்மட்டி படவில்லை.

நான் மெழுகுதிரித் தண்டைப் பிடுங்கி, உன்னை அடித்தவன் முகத்தில் வீசினேன். அவன் பற்களைத் தரையில் பார்த்தேன். அதற்காக நான் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை. என்னையும் அவர்கள் விடவில்லை. நீ விழுந்த பிறகு மிச்சச் சுவரை உடைத்தது நம் பெண்கள். கையால் கல்லைப் பிடுங்கினார்கள், பிடுங்கிய கல்லாலேயே மில் ஆட்களை வாசல் வரை துரத்தினார்கள்.

போலீஸ் வந்தது, இரண்டு பக்கமும் கேஸ், கோயிலுக்குப் பூட்டு. திட்டமும் கைவிடப்பட்டது. பல மாதம் கழித்துத் திறந்தபோது சுவர் இல்லை, வளைவுகள் நின்றன. நம் சனம் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது, யாரும் எழுந்து போகவில்லை, போகப் பயம். சாமியார் நற்கருணையைத் தூக்கினார். பீடம் கண் முன்னால் தெரிந்தும் நம்மவர்கள் பழையபடி ஒரு மூச்சு பிந்தித்தான் முழங்கால் போட்டார்கள். தலையில் தழும்போடு நீ எரிச்சலாக முணுமுணுத்தாய்: "தோ தெரியுது இல்ல, பாத்து முட்டி போட்டா இன்னா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அடியில்தான் உனக்கு வலிப்பு வந்தது. மெஷின் பக்கம் விட முடியாது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெயின்ட் அடித்தாய், வாட்ச்மேனாக இருந்தாய், அங்கேயும் விழுந்தாய். கடைசியில் கொரட்டூர் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து எழுந்திருக்கவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். உன்னைக் கொன்றது படிக்கட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நேற்று குழு கூடியது. முதலாளி செத்துவிட்டார், அவர் இடத்தில் மகன். நல்ல படிப்பு, மெல்லிய பேச்சு, என்னை அங்கிள் என்கிறான். "முழங்கால் உயரத்துக்குக் கொறைச்சுக்கலாம் அங்கிள், சும்மா அடையாளத்துக்கு. இது நம்ம வரலாறு. அழிச்சது தப்பு இல்லையா?"

"கட்னா யாரு எந்தாண்ட குந்துறது?"

"இப்பல்லாம் அதை யாரும் பாக்குறதில்ல அங்கிள்."

"அப்ப எதுக்குப்பா செவுரு?"

அவன் புதுச் சாமியாரைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகையில் என் கை முஷ்டியாக மடங்கியது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் வயசான ஆள், கோபக்காரன் என்று முடித்திருப்பார்கள். என்னைத் தவிர எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் வேலை தொடங்குகிறது.

உன் மகள் இப்போது பாட்டுக்குழுவில் இருக்கிறாள். முன்வரிசையில் நிற்கிறாள், எல்லாரும் முழங்கால் போடும்போதே அவளும் போடுகிறாள். அந்தச் சுவரை அவள் பார்த்ததில்லை. பார்க்க விடமாட்டேன்.

உன் சம்மட்டியைப் போலீஸ் அத்தாட்சிக்கு எடுத்துப் போனது, திரும்பி வரவேயில்லை. இன்று காலை அம்பத்தூரில் புதிதாக ஒன்று வாங்கினேன். இந்தத் தடவை கோடு போடுவதும் நான்தான், அடிப்பதும் நான்தான். அன்றைக்கு அவர்கள் உடைத்த என் வலது தோள் கோணலாகத்தான் கூடியது, அந்தக் கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் போய் இடது கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிகிறது.