நூற்றுக்கு ஏழு பங்கு மல்லிகை

நாள் 203. காலை 09:10, இந்திய நேரம்

மாதிரி 14. பாரஃபின் எண்பது பங்கு, தேங்காய் மெழுகு பதினைந்து, மல்லிகை எண்ணெய் ஐந்து. பின்னிய பருத்தித் திரி, நடுத்தரத் தடிமன். நான்கு மணி நேரம் எரிந்தது. நடுவில் குழி விழுந்து, ஓரம் சுவர்போல நின்றுவிட்டது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். சூடான காற்று மேலே ஏறச் சோம்பல்படுகிறது. சுடர் நிமிராமல் நெல்லிக்காய்போல உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, இன்னும் தடித்த திரி.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் மங்களேஸ்வரி. நிலவின் தென்முனையில் உறைந்துகிடக்கும் நீரை அளக்க இந்த நிலையத்துக்குத் தனியாக வந்தேன். நாள் 190இல் நிலையத்தை ஒரு வாசனை மெழுகுவர்த்தி நிறுவனம் வாங்கியது. நீர் தேவையில்லை என்றார்கள். ஆளில்லாத ஒருவழிச் சரக்குக் கலத்தில் தேங்காய் மெழுகு, மல்லிகை எண்ணெய், திரி எல்லாம் அனுப்பிவைத்தார்கள். 'நிலவில் வார்த்தது' என்று விற்பதற்கேற்ற கலவையையும் திரியையும் கண்டறிவது இப்போது என் பணி. மனிதகுலம் விண்வெளிக்கு வந்த காரணம் ஒருவழியாகத் தெளிவாகிவிட்டது.

நாள் 209. காலை 11:40

மாதிரி 22. தடித்த திரி. முனையில் கரி காளான்போலப் பூத்தது. புகை.

எரிகூண்டு மூடியதுதான். ஆனால் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் முகத்தை உள்ளே விட்டு மணம் பார்க்க வேண்டும் என்பது விதி. காற்று வடிகட்டி மல்லிகையிடம் தோற்றுவிட்டது. இங்கே நான் குடிப்பது என் வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்த நீர். அதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. இன்று அந்த நீரில் மல்லிகை வந்தது. வாந்தி எடுத்தேன். வாந்தியும் மணந்தது.

மெழுகு எங்கிருந்து வருகிறது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். என்னைத் திருப்பி அழைத்துச் செல்லும் ராக்கெட்டின் எரிபொருள் பாரஃபின் மெழுகு. நடுவில் துளையுள்ள ஒரு பெரிய உருளை. துளை வழியே ஆக்சிஜனைச் செலுத்திப் பற்றவைத்தால் உள்சுவரிலிருந்து வெளிப்புறமாக எரியும். இதுவரை செலவழித்தது உபரியாக வைத்திருந்த மெழுகு மட்டுமே. உருளையை யாரும் தொடவில்லை. நாள் 241இல் இங்கே சூரியன் மறையும். பிறகு பதினேழு வாரம் மின்சாரம் இல்லை, நிலையம் உறைந்துபோகும். அதற்குள் நான் கிளம்பியாக வேண்டும்.

நாள் 216. மாலை 16:05

உபரி தீர்ந்தது. நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் ஆதர்ஷுடன் நடந்த உரையாடல், பதிவிலிருந்து:

"மேடம், ஸ்டாக் முடிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க. அந்த ராக்கெட்டுக்குள்ள இன்னும் நிறைய இருக்காமே?"

"அது நான் வீட்டுக்கு வர்றதுக்கு."

"முழுசா வேணாம் மேடம். ஒரு நாப்பது கிலோ. ஆனா உங்க ரிப்போர்ட் நல்லா வரலன்னா நாங்களே ப்ராஜெக்ட்ட டிராப் பண்ணிடுவோம். உங்க மூக்குதான் எங்களுக்கு எல்லாம்."

ஆக, அறிக்கை மோசமாக இருந்தால் நான் ஊர் திரும்பலாம். வாழ்நாளில் ஒரு சோதனை முடிவையும் நான் திரித்து எழுதியதில்லை. இம்முறையும் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. உண்மையைத்தான் எழுதினேன். மாதிரி 29: செத்த எலிக்குத் தலைவாரிப் பூ வைத்ததுபோல. மாதிரி 31: மூன்றாம் பந்தி முடிந்த கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடம். மாதிரி 33: துக்க வீட்டில் யாரோ உடைத்துவிட்ட அத்தர் குப்பி.

நாள் 221. காலை 10:20

ஆதர்ஷ்:

"மேடம், பின்னிட்டீங்க! உங்க ரிப்போர்ட்ட அப்படியே லேபிள்ல போட்டோம். செத்த எலிக்கு முன்பதிவு பிச்சிக்கிட்டுப் போகுது! இவ்ளோ உண்மையா பேசுற பிராண்டே இல்லன்னு ஜனங்க கொண்டாடுறாங்க. இன்னும் கொஞ்சம் கேவலமா எழுத முடியுமா?"

"உருளையத் தொடாதீங்க."

"அய்யோ, அதெல்லாம் பேசிக்கலாம் மேடம்."

நாள் 226. பிற்பகல் 14:30

சூரியத் தகடு துடைக்க வெளியே போயிருந்தேன். ஐந்து மணி நேரம். அதற்குள் பூமியிலிருந்து இயந்திரக் கையை இயக்கி உருளையின் உள்சுவரைச் சுரண்டிவிட்டார்கள். நாற்பத்தொரு கிலோ. நேராகக் கலவைத் தொட்டிக்குள் போய், தேங்காய் மெழுகும் மல்லிகை எண்ணெயும் சேர்ந்து, நான் வந்தபோது தொட்டி இதமான சூட்டில் சுழன்றுகொண்டிருந்தது.

ராக்கெட்டுக்குப் பொறுப்பான தரைநிலையப் பொறியாளர் சவரிமுத்து:

"யக்கா, ரெண்டு நாளு லீவுல தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். வந்து பாக்கேன், வழிச்சு எடுத்துட்டானுவ. இத வச்சு மேல ஏற முடியாதுக்கா. பாதியிலயே தீந்துரும்."

"தொட்டியில இருக்கிறத உருக்கித் திரும்ப உள்ள பூசினா?"

"மல்லியோடயா?"

"மல்லியோடதான்."

"எரிஞ்சா சரி. சாமிக்கு ஏத்துத மாதிரி நெனச்சுக்கிடுங்க."

"தம்பி, அதுக்கு மேல நான்ல உக்காரப் போறேன்."

"அதனாலதாம்க்கா சாமிய இழுத்தேன்."

நாள் 233. காலை 08:15

மாதிரி 47 முதல் 56 வரை தோல்வி. தேங்காய் மெழுகு இளகுகிறது. ஆக்சிஜன் வேகத்தில் துண்டு துண்டாகப் பிய்ந்து பறக்கிறது. கெட்டிப்படுத்த ஸ்டியரிக் அமிலம் சேர்த்தேன். கெட்டியானது. பிறகு வெடித்தது. புருவம் ஒன்று போயிற்று.

இப்போது மணம் பார்ப்பதில்லை. தேவையுமில்லை. தலைமுடியில், நகக்கண்ணில், சோற்றில், ஏப்பத்தில் இருக்கிறது.

நாள் 238. மாலை 17:50

திரிகளைப் பிரித்து நூலாக்கிக் கலவையில் போட்டேன். பருத்தி மெழுகைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. மாதிரி 61: ஐந்து முறை எரித்தேன். நான்கு முறை ஒரே சீர். ஒருமுறை விரிசல்விட்டு அணைந்தது. ஏன் என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க நேரமும் இல்லை.

ஐந்தில் நான்கு. மெழுகுவர்த்தி என்றால் கடைக்கு அனுப்பலாம்.

பூச்சு வேலை தொடங்கியது.

நாள் 240. காலை 09:00

பூசி முடித்தேன். இரண்டு இடத்தில் பூச்சு சமமில்லை, சுரண்டிச் சரிசெய்தேன், மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை, விளக்கு போதவில்லை.

சவரிமுத்து:

"மொத முப்பத்தெட்டு செகண்டுதாம்க்கா மல்லி. அதத் தாண்டிட்டியன்னா அப்புறம் பூரா நல்ல மெழுகு. கண்ண மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டே வாங்க."

ஆதர்ஷ்:

"மேடம், கெளம்புற சத்தத்த மட்டும் ரெக்கார்ட் பண்ணிக்கிறோம், லிமிடெட் எடிஷனுக்கு. ஒருவேள ஏதாவது ஆனாலும் அத ரொம்ப மரியாதையா ஹேண்டில் பண்ணுவோம். உங்க பேரு கண்டிப்பா இருக்கும்."

பதில் எழுதினால் லேபிளில் போட்டுவிடுவார்.

நாள் 241. காலை 06:25

சூரியன் விளிம்பில் ஒரு கீற்று. உள்ளே குளிர். எழுத்து கோணுகிறது, கையுறை.

மாதிரி 61. அளவு: நாற்பத்தொரு கிலோ. பாரஃபின் 64, தேங்காய் மெழுகு 18, ஸ்டியரிக் அமிலம் 11, மல்லிகை 7. திரி: பிரித்த பருத்தி நூல். தேவையான எரிநேரம்: முப்பத்தெட்டு நொடி. மணம்: தலைக்கவசம் மாட்டிய பிறகும் வருகிறது.

எரிந்த நேரம்:

இந்தக் கட்டத்தை என்னால் நிரப்ப முடியாது. குறிப்பேடு இங்கேயே இருக்கும். கண்டெடுப்பவரே, வாசலிலிருந்து நூறடியில் ஏவுதளம். அங்கிருந்து பூமி தெரியும் பக்கமாக நடந்து பாருங்கள். ஒன்றும் கிடக்கவில்லை என்றால் 'முப்பத்தெட்டுக்கு மேல்' என்று எழுதுங்கள். ஏதாவது கிடந்தால், ஏவுதளத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். தூரத்தை வைத்து நொடியைக் கணக்கிடலாம். சூத்திரம் அடுத்த பக்கத்தில்.