பேருக்கு விட்ட இடம்

சாம்பல் வெளியிலிருந்து,
உங்கள் கணக்கில் ஆடி மாதம் பிறந்திருக்கும்.

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. செத்து நாலு வருஷம் ஆனவன் எழுதுகிறானே என்று பயப்படாதே. அதைவிட, உன்னைப் பேர் சொல்லி அழைத்ததற்குத்தான் திடுக்கிட்டிருப்பாய். முப்பது வருஷத்தையும் "இந்தா", "ஏய்" என்றே ஓட்டிவிட்டேன். அங்கே மழை உண்டா? மேட்டுக் காட்டில் வேர்க்கடலை போட்டீர்களா? மயிலைப் பசு மறுபடி கன்று போட்டதா?

இது நரகமும் இல்லை, சொர்க்கமும் இல்லை. பிள்ளைப்பாக்கம் ஏரி சித்திரையில் வற்றிக் கிடக்குமே, அந்த மாதிரி ஒரு வெளி. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை, பசியும் இல்லை. எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறோம், காலடி பதிவதில்லை. அங்கே உயிரோடு இருப்பவர்கள் யாராவது வாய்விட்டுப் பேரைச் சொன்னால் அந்தச் சத்தம் இங்கே வந்து சேரும், ஆளும் தெளிவாக இருப்பார். சொல்லாவிட்டால் கரைந்துபோவார். முதலில் நிழல், பிறகு விரல் நுனி, கடைசியில் குரல். அன்றைக்குப் படப்பை ராஜாமணி என்னிடம் காளை மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன், ஆளில்லை.

பக்கத்து நிலத்து நடேசன் அண்ணன் பழைய வரப்புத் தகராறை வைத்து, நான் செத்த பிறகும் விடாமல் காலையில் என் பேரைச் சொல்லித் திட்டுவாரே, நீகூட பதிலுக்கு அவரை மண்ணை வாரித் தூற்றுவாயே, அந்தத் திட்டில்தான் இரண்டு வருஷம் இங்கே திடமாக இருந்தேன். அவர் நிலத்தை விற்றுவிட்டு மகனோடு பெரம்பூர் போய்விட்டார். அங்கே அவருக்கு என்னைத் திட்ட என்ன இருக்கிறது?

பேரனுக்கு என் பேரை வைத்து மூன்று தரம் காதில் சொன்ன அன்று எனக்கு நிழல்கூட விழுந்தது. மறுநாளே நீ அவனைக் "குட்டி" என்றாய். மருமகள் சரோஜா மாமனார் பேரைச் சொல்வாளா? மகன்தான் அப்பன் பேரைச் சொல்வானா? பேர் வைத்தும் பேரில்லாமல் வளர்கிறான் பிள்ளை. உங்கள் மரியாதையில் நான் கரைந்துகொண்டிருக்கிறேன். எனக்குக் கோபமாக வருகிறது, காந்திமதி.

இப்போது என் பேர் எனக்கே மறந்துவிட்டது. ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தா புருஷன் பேரைக் கேட்டதும், நீ வெட்கப்பட்டுக்கொண்டு சுவரில் இருந்த காலண்டர் சாமியைக் காட்டினாய். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அன்று நீ கட்டியிருந்த புடவையின் கரை வரை ஞாபகம் இருக்கிறது. காலண்டரில் இருந்தது எந்தச் சாமி என்பதுதான் வரவில்லை.

இன்று பாம்பு கடித்து நம் சேரப்பணஞ்சேரி மருத்துவச்சி லூர்தம்மாள் இங்கே வந்தாள். "இன்னாய்யா, நீ காந்திமதி வூட்டுக்காரருதானே? இன்னா இப்பிடி மங்கிக்கினு கீற?" என்று அழுதாள். என் பேரைச் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கரைந்துகொண்டிருப்பவன் பேர் இங்கே யார் வாயிலும் சத்தமாக வராதாம். அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறதாம், திருப்பி அனுப்புகிறார்கள். அவள் கையோடு கொண்டுவந்த ஜெபப் புத்தகத்தில் கடைசி வெள்ளைத்தாளைக் கிழித்து இதை எழுதுகிறேன். அவள் முந்தானையில் முடிந்து அனுப்புகிறேன். அவளே படித்துக் காட்டுவாள்.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்தாள். குறைய இனி என்னிடம் ஆயுசு ஏது? பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலையில் எழுந்ததும் குட்டியை அவன் பேர் சொல்லிக் கூப்பிடு, போதும். நீ இங்கே வரும் நாளில் உன்னை அடையாளம் கண்டு கூப்பிட ஒருவன் நிற்க வேண்டாமா? அவசரப்படாதே. பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக வா. நானும் குரல் இருக்கிறவரை தினமும் உன் பேரைச் சொல்கிறேன். செத்தவன் சொல்வது அங்கே கேட்காது என்கிறார்கள். கேட்காவிட்டால் போகட்டும், சொல்லச் சொல்ல எனக்கு நன்றாக இருக்கிறது.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்.

கீழே பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். உனக்கு எழுதத் தெரியாது. வாயால் சொல்லி நிரப்பு.