அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சாமி

பாப்பிரெட்டிப்பட்டி,
மாசி, ஞாயிறு மதியம்.

அன்புக் கண்ணு ஜாஸ்மினுக்கு,

ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் ஜெபம். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்குவதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, இல்லாவிட்டால் அப்பா நடுவில் புகுந்து அங்கே மழையா வெயிலா என்று கேட்டுப் பேச்சைத் திருப்பிவிடுகிறார், இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் பொங்கலுக்கு வாங்கிய கரும்பை ஒளித்து வைத்துக் கடித்தார், நீ கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. இளம்பரிதி ஓசூரிலிருந்து வந்து போனான், பெண் பார்க்கட்டுமா என்றால் உன் தம்பி அடுத்த வருஷம் என்கிறான். ராகி நன்றாக விளைந்தது. பனிதான் இந்த வருஷம் விடவே மாட்டேன் என்கிறது, காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீடே தெரிவதில்லை, ரோட்டில் பஸ் போகிற சத்தம் மட்டும் வரும், பஸ்ஸைக் காணோம். பாதித் தூக்கத்தில் நடக்கிற மாதிரிதான் கோயிலுக்குப் போய் வருகிறேன்.

உங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை உன் தலையில் கட்டிவிட்டார்கள், பாடுகிறவர்களுக்கு ரோஷம் அதிகமாக இருக்கிறது, எப்படிம்மா வைத்துச் சமாளிப்பது என்று கேட்டாயே. எனக்கு அதற்கெல்லாம் பதில் தெரியாது கண்ணு. நான் ரிட்டயர் ஆனதிலிருந்து ஃபாதர் என்னிடம் கலைக்குழுவைக் கொடுத்திருக்கிறார், பாட்டு, நாடகம், பீட அலங்காரம் எல்லாம் அதில் அடக்கம், நானும் தட்டுத் தடுமாறித்தான் போகிறேன். நம் சோபனா விஷயத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உன்னோடு ப்ளஸ் டூ வரை படித்த அதே சோபனாதான், இப்போது இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ். அவள் வீட்டுக்காரர் மாது, கவர்மெண்ட் பஸ் கண்டக்டர், நீ கல்யாணத்தில் பார்த்திருப்பாய், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர்.

ஐப்பசி மழையில் பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரின் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. புதிதாகப் பூசியதும், திருவிழாவுக்குள் அதில் ஒரு படம் எழுத வேண்டும் என்றார் ஃபாதர், நான் சோபனா பெயரைச் சொன்னேன். உயிர்த்த பிறகு இயேசு ஏரிக்கரையில் கரி மூட்டி, ராத்திரி முழுக்க வலை போட்டு அலுத்து வருகிற சீடர்களுக்கு மீன் சுட்டுக் கொடுக்கிறாரே, அதை எழுதட்டுமா என்று கேட்டாள். ஃபாதருக்குச் சந்தோஷம். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து சாரத்தில் ஏறிவிடுவாள். முதலில் தண்ணீரைத்தான் போட்டாள். கடல் நீலம் இல்லை, நம் வாணியாறு அணையில் சூரியன் வருவதற்கு முன்னால் ஒரு நிறம் இருக்குமே, சாம்பலா வெள்ளையா என்று சொல்லத் தெரியாத நிறம், அது. அதற்கு மேல் பனி, பனிக்குள் மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு கோடு. சாயங்கால ஜெபமாலைக்கு உட்கார்ந்தால் எனக்கு மணிகள் விரலில் அப்படியே நின்றுவிடும், சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லாமல் போய், கோயில் அந்தப் பக்கமாகத் திறந்துகொண்ட மாதிரி இருக்கும்.

பிறகு இயேசுவை எழுதினாள். கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்து நெருப்பை ஊதுகிறார், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தோளும் பிடரியும் முழங்கை மடிப்பும்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. முகம் பிறகு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ்ச்செல்வன், பங்குப் பேரவைத் துணைத்தலைவர், பெயிண்ட் எல்லாம் தன் கடையிலிருந்து கொடுத்தவர், எல்லோர் முன்னாலும் அவளிடம் கேட்டுவிட்டார், ஏம்மா சாமிய எப்பத் திருப்பப் போறே என்று. இப்படித்தாங்க இருக்கப் போவுது என்றாள் சோபனா. பத்துப் பேர் பத்து விதமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். முதுகப் பாத்து யாராச்சும் வேண்டுவாங்களா என்றது ஒரு குரல், நம்ம மேல கோவமாட்டம் இருக்குது என்றது இன்னொன்று. சேலத்தில் நல்ல ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார், கூட்டி வந்து முகத்தை முன்பக்கம் திருப்பிவிடலாம் என்றார் தமிழ்ச்செல்வன். அவள் பிரஷ்களை ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறு பூசைக்கும் வரவில்லை.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டால் அழுவாள் என்று பயம். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கினேன். பாதிக் காய் நறுக்கியதும் அவளே பேசினாள். அவளுக்குப் போன வருஷம் நிறைமாதத்தில் குழந்தை தங்காமல் போனது உனக்குத் தெரியும், அப்புறம் இருந்த இருப்பு யாருக்கும் தெரியாது. எழுந்து உட்காரவே மனசில்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாளாம். மாது விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர், அதற்கு முன்னால் எழுந்து அடுப்பு பற்ற வைத்து அவளுக்குக் கஞ்சி காய்ச்சுவாராம். "அவரு ஒரு வார்த்தை பேசலைங்கம்மா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை, பாத்தா நான் அழுதுருவேன்னு அவருக்குத் தெரியும். அடுப்பப் பாத்து உக்காந்திருப்பாரு. தெனமும் அந்த முதுகப் பாத்துப் பாத்துத்தான் நான் எந்திரிச்சேன். சாமி என்கிட்ட வந்தது அப்படித்தாங்கம்மா. சாமியோட மொகம் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதறது?" என்றாள். நான் அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டேன். இதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள், ஜாஸ்மினுக்கு வேணா எழுதுங்க என்றாள், அதனால்தான் எழுதுகிறேன்.

பேரவைக் கூட்டத்தில் எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது கண்ணு. அந்த முதுகு எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் எல்லோரும் இளகியிருப்பார்கள், படமும் பிழைத்திருக்கும். ஆனால் அது என் சொத்து இல்லையே, அவளுடையது. அதனால் எழுந்து நின்று, படத்தைப் பற்றி யாருக்கு என்ன சொல்ல வேண்டுமானாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள், வேலை முடியும் வரை அவளிடம் ஒருவரும் சொல்லக் கூடாது, திருவிழா முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் நானே சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வருகிறேன், அதுவரை அந்தச் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். "டீச்சர், நான் தப்பா ஒண்ணும் சொல்லலைங்க, சனம் மண்டி போடறது மொகத்தப் பாத்துத்தானுங்களே" என்றார் தமிழ்ச்செல்வன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதையும் ஒப்புக்கொண்டேன். டீச்சர் சொன்னபடி நடக்கட்டும் என்றார் ஃபாதர்.

சோபனா திரும்பி வந்தாள். கலைக்குழுத் தலைவி என்று நான் செய்ததெல்லாம் சாயங்காலமானால் கோயில் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான். வருகிறவர்களைப் பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன், அவளுக்கு டீ வாங்கி வைத்தேன், சாரம் ஆடினால் பிடித்துக்கொண்டேன். எனக்கும் ஆசை இருந்தது, ஒரு கன்னமாவது லேசாகத் தெரிகிற மாதிரி எழுதேன் என்று கேட்டுவிட வாயெடுத்தேன், நல்ல வேளையாக விழுங்கிக்கொண்டேன். கடைசி நாள் மாது டூட்டி முடிந்து தோள்பையோடு அப்படியே வந்தார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்ததோ இல்லையோ, மெதுவாகக் கையைத் தூக்கித் தன் பிடரியைத் தடவிக்கொண்டார். பிறகு, நெருப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது, மீனு கருகிடும் என்றார். சாரத்தின் மேலிருந்து அவள் சிரித்தாள் கண்ணு. அவள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், முணுமுணுப்பு இன்னும் இருக்கிறது. சுண்ணாம்புப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகள் சுவரோரம் போய் ஒட்டி நின்று முகம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள், பெரியவர்களும் தெரியாமல் கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை பூவை மாற்றலாம் என்று விடிந்ததும் போனேன். பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருந்தது, படத்தில் இருக்கிற பனி எது, கோயிலுக்குள் இருக்கிற பனி எது என்று தெரியவில்லை. பீடத்துக்கு முன்னால் தரையில் தமிழ்ச்செல்வன் தனியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், கடை திறக்கிற நேரம் அது. பூசைக்கு இன்னும் நேரம் இருக்குதுங்களே என்றேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லைங்க டீச்சர், இப்பத் திரும்பிருவாரு, இப்பத் திரும்பிருவாருன்னு இருக்குது. எந்திரிக்க முடியலைங்க" என்றார். நானும் பூவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீ ரத்தசோகை மாத்திரையை விடாமல் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. சோபனாவுக்கு ஒரு நாள் போன் போடு, படத்தைப் பற்றிக் கேட்காதே, சும்மா பேசு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீங்கள் வாழும் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து,
உன் அம்மா
லூர்துமேரி மாதேஷ்